இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் சண்டையைக் குறைப்பது எப்படி

பாலத்தில் மாட்டிக்கொண்டு பசியோடு வீட்டுக்கு வருகிறவரிடம் வாசலிலேயே எதையும் கேட்காதீர்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை என்ற ஊரில். வீட்டுக்காரருக்கு பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, 12 மணி நேர ஷிப்ட். எனக்கு பட்டர்வொர்த்தில் ஆபீஸ் வேலை. பினாங்குப் பாலம் என்னவோ 13.5 கிலோமீட்டர்தான், ஆனால் ஷிப்ட் விடுகிற நேரத்தில் நடுவில் ஒரு கார் பழுதாகி நின்றுவிட்டால் அவர் எத்தனை மணிக்கு வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் மூன்று வருடத்தில் எங்கள் சண்டைகளில் முக்கால்வாசி அவர் சப்பாத்தைக் கழற்றும் முன்பே தொடங்கியவை. "தண்ணி பில் கட்டிட்டீங்களா?" என்று நான் கேட்பேன், "வந்ததும் ஆரம்பிச்சிட்டியா?" என்பார், அவ்வளவுதான், அன்றைய இரவு போச்சு.

அதனால் முதல் அரை மணி நேரம் குளியல், சாப்பாடு, பிள்ளையோடு கொஞ்சம் விளையாட்டு, அவ்வளவு போதும். பிள்ளைக்குக் காய்ச்சல் மாதிரி அவசரம் என்றால் மட்டும் உடனே சொல்லுங்கள். இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது: "டயர்டா இருக்கேன், அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு போனுக்குள் புகுந்துகொள்வது தப்பித்தல். அப்புறம் என்றால் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். ஒன்பதரை என்று சொன்னால் ஒன்பதரைக்கு, கேட்காமலே, நீங்களாக வந்து உட்காருங்கள்.

அடுத்தது வீட்டு வேலை. சமைப்பது, துவைப்பது யார் என்று எல்லோரும் பங்கு போடுகிறார்கள், எதை எப்போது செய்யணும் என்று ஞாபகம் வைத்திருக்கும் வேலையை மட்டும் யாரும் பங்கு போடுவதில்லை. ஒரு ராத்திரி நாங்கள் இருவரும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதினோம். தாஸ்கா (குழந்தைப் பராமரிப்பு மையம்) கட்டணம், கேஸ் தோம்பு (சிலிண்டர்), ரோட் டேக்ஸ், பள்ளி உடுப்பு, அத்தையின் கிளினிக் தேதி... என் தாள் நிறைந்து ஓரத்திலும் எழுதியிருந்தேன். அவருடையதில் ஒன்பது வரிதான். அவர் என் தாளை ரொம்ப நேரம் கையில் வைத்துப் படித்தார். அதுவரை நான் எத்தனையோ தடவை கத்திச் சொல்லியும் அவருக்குப் புரியாதது அன்றைக்குத்தான் புரிந்தது.

அவர் "உதவி செய்றேன்" என்று சொல்லவில்லை. கேஸ், ரோட் டேக்ஸ், பள்ளி உடுப்பு, அவர் அம்மாவின் கிளினிக் எல்லாவற்றையும் முழுதாக எடுத்துக்கொண்டார், ஞாபகம் வைப்பதிலிருந்து முடிப்பது வரை. ஒப்படைத்தவருக்கும் ஒரு வேலை இருக்கிறது, அது மேஸ்திரி பார்க்காமல் இருப்பது. மகளுக்கு வாங்கி வந்த பள்ளிச் சப்பாத்து ஒரு சைஸ் பெரிது. வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். மறுநாள் அவரே பார்த்து, முன்னால் பஞ்சு வைத்துக் கொடுத்தார்.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுச் செலவுக்கு ஒரு பொதுக் கணக்கு, அது போக ஆளுக்குக் கொஞ்சம் கேள்வி கேட்காத பணம். 2024 மே மாதத்திலிருந்து ஊழியர் சேமநிதியில் (இபிஎஃப்) எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு வந்துவிட்டது. அதில் கை வைக்கும் முன் மற்றவரிடம் சொல்வது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் கொடுப்பதையும் விட்டுவிடாதீர்கள். 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 98 நாள், தகுதியுள்ள அப்பாக்களுக்குச் சம்பளத்தோடு 7 நாள். வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். கிடைக்கும் என்று உறுதியில்லை, ஆனால் தாஸ்கா மூடும் நேரத்துக்காக தினமும் அடித்துக்கொள்வதைவிட ஒரு கடிதம் எழுதிப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

சண்டை வரத்தான் செய்யும். வந்தால் அன்றைய விஷயத்தை மட்டும் பேசுங்கள், "உங்க அம்மா மாதிரியே" என்று குடும்பத்தை இழுக்காதீர்கள். அப்புறம், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று பெண்ணிடம் மட்டும் சொல்கிற பெரியவர்களுக்குத் தலையாட்டாதீர்கள். இருவரும் மாற்றிக்கொண்டால்தான் அது அட்ஜஸ்ட்மெண்ட். அடி, மிரட்டல் என்று போய்விட்டால் நான் எழுதிய எதுவும் அதற்குப் பொருந்தாது. 15999 தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசு உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

பேசிப் பேசியும் ஒரே இடத்தில் சுற்றினால் ஆலோசகரிடம் போங்கள். எல்பிபிகேஎன் எனப்படும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தில் குடும்ப ஆலோசனை தருகிறார்கள். "ஊர்ல தெரிஞ்சா என்ன நினைப்பாங்க" என்று என் வீட்டுக்காரர் இரண்டு மாதம் தள்ளிப்போட்டார். ஒருவர் மட்டும் விவாகரத்து கேட்டால், பொதுவாகச் சட்டமே முதலில் சமரசக் குழுவிடம்தான் அனுப்புகிறது, அந்த நிலைமைக்கு வந்த பிறகு வெளியாள் முன்னால் உட்காருவதைவிட இப்போதே போகலாமே என்று கேட்டேன், சரி என்றார். நேரம் வாங்கும்போது மட்டும் ஷிப்ட் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு வேலை முடிந்த காலை வேண்டாம், இருவரும் தூங்கி எழுந்த ஓர் ஓய்வு நாளாகப் பார்த்துக் கேளுங்கள்.