அமெரிக்காவோடு ஒன்றிவிட்டார்களா? குடியேறியவர்களைப் பற்றிய வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வாதத்தில் பெரும்பாலான பிழைகள் ஒரே இடத்தில் தொடங்குகின்றன: யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில்.

"அந்தக் காலத்து இத்தாலியர்கள் சட்டென்று கலந்துவிட்டார்கள், இப்போது வருகிறவர்கள் ஒட்டுவதே இல்லை" என்று சொல்கிறவர்கள் உண்டு. குடியேற்றத்தை ஆராய அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்து, 1911இல் அறிக்கை தந்த டில்லிங்காம் ஆணையம் இதே குறையை அந்த இத்தாலியர்கள் மீதே சொன்னது. பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்த ஜெர்மானியர்களையும் அப்போதுதான் வந்திறங்கியவர்களையும் ஒரே தராசில் நிறுத்தியது அதன் பிழை. அந்த அறிக்கை 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்கு வழி செய்து, பல நாட்டவருக்குக் கதவை ஏறக்குறைய மூடியது.

ஒரே ஆண்டின் கணக்கெடுப்பை வைத்து முடிவுகட்டுவதும் இதே வகைத் தவறுதான். 1978இல் பொருளியல் அறிஞர் பாரி சிஸ்விக் 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பார்த்தார். வந்து நெடுநாள் ஆனவர்கள் புதியவர்களைவிட நன்றாகச் சம்பாதித்தார்கள். ஆகவே குடியேறியவர்களின் வருமானம் வேகமாக உயர்கிறது என்றார். சரி, 1950இல் வந்தவரும் 1969இல் வந்தவரும் ஒரே மாதிரி ஆட்களா? 1985இல் இன்னொரு பொருளியல் அறிஞர் ஜார்ஜ் போர்ஹாஸ் எழுப்பிய கேள்வி இது. அந்த வேகத்தில் ஒரு பகுதி, வந்த ஆட்கள் வேறு என்பதால் உண்டான தோற்றம் என்று அவர் காட்டினார். அப்புறம், திரும்பிப் போனவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிழைக்க முடியாதவர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டால், மிஞ்சியவர்களின் சராசரி தானாகவே கூடும்.

நம்மவர்கள் அடிக்கடி செய்வது இன்னொன்று. சாஃப்ட்வேர் வேலைக்கு எச்-1பி விசாவில் போன தமிழரைக் காட்டி, "நாங்கள் முன்னேறவில்லையா?" என்று தோட்டவேலைக்கு வந்த மெக்சிகோக்காரரை மட்டம் தட்டுவது. பட்டம் இல்லாதவருக்கு அந்த விசா கிடைப்பதே அரிது. சல்லடையில் தேறி வந்தவரின் வெற்றியைப் பண்பாட்டின் பெருமையாகச் சொல்வது நியாயமில்லை.

சட்டத்தை மறப்பது அதைவிட வருத்தமானது. இந்தியாவிலிருந்து குடியேறிய பகத் சிங் திந்த் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். 1923இல் உச்ச நீதிமன்றம், அவர் வெள்ளையர் அல்ல என்று சொல்லி அவருக்குக் குடியுரிமை கிடையாது என்றது. இந்தியர்களுக்கு அந்தக் கதவு 1946இல்தான் சட்டப்படி திறந்தது. அதுவரை அவர்கள் 'ஒன்றவில்லை' என்றால் அது யார் குற்றம்?

குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளான மூன்றாம் தலைமுறையின் கணக்கிலும் கவனம் வேண்டும். மெக்சிகோ வழிவந்தவர்களின் கல்வி அந்தத் தலைமுறையில் தேங்குவதாகப் புள்ளிவிவரங்கள் சொல்கின்றன. பலர் விஷயத்தில் அது உண்மையும்கூட. ஆனால் வேற்றினத்தவரை மணந்த குடும்பங்களில் பிள்ளைகள் பலர் தங்களை மெக்சிகர் என்று குறிப்பிடுவதே இல்லை. முழுதாகக் கலந்தவர்களே அந்தக் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகிறார்கள்.