புது பேஸ் கிட்டார் வாங்கியாச்சு, முதலில் என்ன செய்வது?

உறையிலிருந்து எடுத்த கையோடு ஆம்பில், அதாவது ஒலிபெருக்கியில், சொருகிவிடாதீர்கள். முதல் நாள் மாலைக்குக் கரண்டே வேண்டாம். சிங்கப்பூர் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் வாங்கியதோ, கரோசல் செயலியில் பேரம் பேசிப் பழையதாக எடுத்ததோ, எதுவானாலும் சரி, முதல் வாரத்தில் நாம் ‘இது பழுது’ என்று நினைக்கிற பல விஷயங்கள் பழுதே அல்ல. நானும் அப்படி நினைத்துத்தான் நாலு கிலோ மரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு எம்ஆர்டி ஏறித் திரும்பக் கடைக்குப் போனேன். அந்தக் கதை கீழே.

படி 1: உட்கார்ந்து பாருங்கள்

கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, பேஸை வலது தொடையில் வையுங்கள் (இடது கைக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றிப் படிக்கவும்). கழுத்துப் பகுதி, அதாவது நெக், தானாகக் கீழே சாய்ந்தால் இடது கையால் தாங்கிப் பிடிக்க வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதும் ஸ்ட்ராப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் யாராவது வீணை வாசித்திருந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். வீணையின் மெட்டுதான் இங்கே ஃப்ரெட். வீணையில் 24 மெட்டு, பேஸில் பெரும்பாலும் 20 முதல் 24 வரை. லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பேஸுக்கு ‘ப்ரிசிஷன்’ (துல்லியம்) என்று பேர் வந்ததே இந்த மெட்டுகளால்தான். அதற்கு முன்பிருந்த ஆளுயர டபுள் பேஸில் மெட்டு கிடையாது, காதை நம்பித்தான் விரல் வைக்க வேண்டும்.

வீணையின் பிருடைக்குப் பதில் இங்கே தலைப்பக்கம் நான்கு முடுக்கிகள். ஒவ்வொரு கம்பியையும் விரலால் தொட்டபடியே போய் அது எந்த முடுக்கியில் முடிகிறது என்று பாருங்கள். அற்பமாகத் தெரியும், ஆனால் செய்யுங்கள். நான் ஒரு கம்பியை மீட்டிக்கொண்டு பக்கத்துக் கம்பியின் முடுக்கியைப் பத்து நிமிடம் திருகிவிட்டு, சுருதி காட்டும் ட்யூனர் கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டியவன்.

படி 2: சுருதி சேர்த்தல்

தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி. நம் கணக்கில் மூன்று கட்டை, ஆறு கட்டை, இரண்டு கட்டை, ஐந்து கட்டை. சாதாரண கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளும் இதே சுரங்கள்தான், பேஸில் ஒரு ஸ்தாயி கீழே.

ஈ கம்பியின் அதிர்வு நொடிக்கு 41 முறைதான். இவ்வளவு தாழ்ந்த ஒலியைப் பிடிக்க ஃபோன் ட்யூனர்கள் திணறும், முள் அங்குமிங்கும் ஆடும். தலையில் கவ்வும் கிளிப் ட்யூனர் இருந்தால் நல்லது. ஃபோன்தான் இருக்கிறது என்றால், 12ஆம் மெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டு, மீட்டியதும் விரலை எடுத்துவிடுங்கள். மணி போல ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். அதை ஃபோன் எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இல்லாவிட்டால் கம்பி வாசிக்க வாசிக்கத் தளரும். இன்னொன்று, நம் ஊர் வெயிலிலிருந்து ஏர்கான் அறைக்குள் வந்த உடனே சேர்க்காதீர்கள். கால் மணி நேரம் விட்டுவிட்டுச் சேருங்கள். மரமும் கம்பியும் அந்தக் குளிருக்குப் பழகட்டும்.

படி 3: ‘கிர்ர்’ சத்தம்

இப்போது கடைக் கதை. எந்த மெட்டில் அழுத்தினாலும் கம்பி ‘கிர்ர்’ என்று உறுமியது. பேஸைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். கடையில் செட்டப் பார்க்கும் அண்ணன் ஒன்றும் பேசாமல் வாங்கி, நான் அழுத்திய அதே மெட்டில் அழுத்தினார். சுத்தமாக ஒலித்தது. நான் இரண்டு மெட்டுக்கு நடுவில் அழுத்திக்கொண்டிருந்தேன், அவர் மெட்டை ஒட்டினாற்போல் அதன் பின்பக்கம், அதாவது முடுக்கிகள் இருக்கும் பக்கம், அழுத்தினார். அவ்வளவுதான் வித்தியாசம். மெட்டை ஒட்டி அழுத்தினால் பலமும் பாதி போதும், விரலும் வலிக்காது.

ஒட்டி அழுத்தியும் உறுமினால் நெக்கைச் சோதிக்கலாம். ஈ கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், ஏழாவது எட்டாவது மெட்டுப் பக்கம், கம்பிக்கும் மெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, சுமார் 0.3 மில்லிமீட்டர், இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தாலோ, நிறைய இடைவெளி இருந்தாலோ நெக்குக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை, அதாவது ட்ரஸ் ராடை, திருகிச் சரிசெய்ய வேண்டும். முதல் மாதத்தில் அதை நீங்களே செய்ய வேண்டாம், கடைக்கே போங்கள். இரவெல்லாம் ஏர்கான், பகலெல்லாம் திறந்த ஜன்னல் என்று இருக்கும் வீட்டில் நெக் கொஞ்சம் அசைவது சகஜம். அதற்காக பேஸ் மட்டம் என்று அர்த்தமில்லை.

படி 4: இப்போது கரண்ட்

ஆம்பின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, கேபிளைச் சொருகி, பிறகு சுவிட்சைப் போட்டு, மெதுவாக ஏற்றுங்கள். ஆம்ப் ஜப்பானிலிருந்து வந்த பழையது என்றால் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காமல் சொருகாதீர்கள். அங்கே 100 வோல்ட், இங்கே 230.

குமிழ்கள்: ப்ரிசிஷன் வகையில் ஒரு வால்யூம், ஒரு டோன். ஜாஸ் வகையில் இரண்டு பிக்கப்புக்கும் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) தனித்தனி வால்யூம், ஒரு டோன். ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வரும். இரண்டையும் முழுதாகத் திறந்தால் அடங்கிவிடும், ஏனென்றால் இரண்டு சுருள்களும் எதிரெதிராக வேலை செய்து இரைச்சலை அழித்துக்கொள்கின்றன. கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? அதுவும் இயல்புதான். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஈ கம்பியின் மூன்றாவது மெட்டு 49 ஹெர்ட்ஸ். ஏறக்குறைய அதே சுரம் என்பதால், பேஸ் வாசிப்பவர் காதில் இந்த இரைச்சல் கூடுதலாகவே உறுத்தும்.

பேஸின் பின்பக்கம் 9 வோல்ட் பேட்டரி இருந்தால், வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். செருகியே வைத்தால் பேட்டரி தீரும். ஒரு நாள் ஒலி மங்கி, கரகரத்தால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

வீவக அடுக்குமாடி வீட்டில் தாழ்ந்த ஒலி சுவரை விடத் தரை வழியாகத்தான் அதிகம் பயணப்படும். உங்களுக்கு மெதுவாகக் கேட்பது கீழ்வீட்டு ஆன்டிக்குத் தலைமாட்டில் கேட்கும். ஆம்பைத் தரையில் வைக்காமல் ஸ்டூலில் வையுங்கள், இரவு பத்துக்கு மேல் ஹெட்போன்.

படி 5: வலது கை

கட்டைவிரலை பிக்கப்பின் மேல் ஊன்றி, ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று மாற்றி மாற்றி மீட்டுங்கள். மீட்டிய விரல் அதற்கு மேலே உள்ள தடித்த கம்பியில் போய் ஓய வேண்டும். அப்படி ஓய்ந்தால் அந்தக் கம்பியின் ஒலியும் அடங்கும். இதுதான் முக்கியம், ஏனென்றால் பேஸில் சும்மா இருக்கும் கம்பி சும்மா இருக்காது, பக்கத்துக் கம்பி அதிர்ந்தால் தானும் அதிரும். மெல்லிய கம்பிகளை இடது கை விரல்களின் அடிப்பக்கத்தால் லேசாகத் தொட்டு அடக்குங்கள்.

படி 6: சரளி வரிசை

யூடியூபில் போய் ராக் பாட்டு தேடுவதற்கு முன் நமக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கலாம். ஏ கம்பியின் மூன்றாவது மெட்டு ஒரு கட்டை, அதுவே ஸ. மாயாமாளவகௌளை அங்கிருந்து இப்படிப் போகும்: ஏ கம்பியில் 3, 4 (ஸ ரி). டி கம்பியில் 2, 3, 5, 6 (க ம ப த). ஜி கம்பியில் 4, 5 (நி ஸ்). இரண்டாம் மெட்டுக்கு ஆள்காட்டி விரல், அடுத்தடுத்த மெட்டுக்கு அடுத்தடுத்த விரல். தைவதத்துக்கு மட்டும் சுண்டுவிரலை ஆறாம் மெட்டுக்கு நகர்த்துங்கள். கை வலித்தால் நிறுத்துங்கள், விரலை இழுத்து நீட்ட வேண்டாம்.

தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து முதல் காலம் மட்டும் ஒரு வாரம். அலுப்பாக இருந்தால் ஒலி 96.8 வானொலியில் பழைய பாட்டு வரும்போது ஹெட்போனில் பேஸை மட்டும் தேடிக் கேளுங்கள்.

வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பிகளைத் துடையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வை பட்ட கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துணியைக் கம்பிக்கு அடியிலும் விட்டு ஒரு இழுப்பு.