சால்மன் கணக்கெடுப்பில் எங்கே தவறு நடக்கிறது?

ஸ்காட்லாந்து ஆறுகளில் 2023-ல் தூண்டிலில் சிக்கிய அட்லாண்டிக் சால்மன்கள் சுமார் 33 ஆயிரம். 1952-ல் பதிவு தொடங்கியதிலிருந்து இவ்வளவு குறைந்ததில்லை. 2010-ல் இதே கணக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. உடனே, "மீன் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது" என்று சொல்லத் தோன்றும். அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் மீன். தூண்டிலில் சிக்கியது வேறு, கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பியது வேறு. மழையில்லாமல் ஆறு மெலிந்துவிட்டால் மீன் கழிமுகத்திலேயே காத்து நிற்கும். உள்ளே வந்த மீனும் சூடேறிய நீரில் தூண்டிலைச் சீண்டாது. 2018-ன் வறண்ட கோடையில் பிடிப்பு சரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எத்தனை பேர், எத்தனை நாள் தூண்டில் போட்டார்கள் என்பது தெரியாமல் இரண்டு ஆண்டுகளை ஒப்பிடவே கூடாது. அப்புறம், அங்கே இன்று பிடிபடும் சால்மனில் பெரும்பகுதி உயிரோடு ஆற்றில் விடப்படுகிறது. விட்ட மீன் மறுபடி சிக்கினால் ஏட்டில் இரண்டு மீன். சால்மன் குறைந்திருப்பது உண்மை. எவ்வளவு குறைந்தது என்பதைப் பிடிப்புக் கணக்கு மட்டும் சொல்லாது.

சரி, ஆற்றின் குறுக்கே எண்ணும் கருவி வைத்துவிட்டால்? மீன் கடக்கும்போது நீரின் மின்தடை மாறுவதை வைத்து எண்ணும் கருவிகள் உண்டு. ஆனால் சால்மனின் உறவான பெரிய கடல் டிரவுட் மீனையும் அது சால்மன் என்று எண்ணிவிடலாம். மேலே போன மீன் கீழே வந்து மறுபடி ஏறுவதும் உண்டு. வெள்ளம் வந்தால் மீன் வேறு பக்கமாகப் போய்விடும். கூடவே கேமரா வைத்து, ஒரு பகுதிப் பதிவையாவது ஆள் உட்கார்ந்து சரிபார்க்காத கருவிக் கணக்கை நான் நம்பமாட்டேன்.

குஞ்சுகளைக் கணக்கெடுக்க, நீரில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, மயங்கும் மீனை வலைக்கரண்டியால் அள்ளி, அளந்துவிட்டுத் திரும்ப விடுகிறார்கள். இங்கே சறுக்குவது இடத் தேர்வில். சாலையிலிருந்து எளிதாக இறங்கலாம், குஞ்சும் நிறைய கிடைக்கும் என்று பழகிய இடத்துக்கே போனால் ஆறு முழுக்க நன்றாக இருப்பதுபோல் தெரியும். 2018-ல் தொடங்கிய ஸ்காட்லாந்தின் தேசிய மின்பிடிப்புத் திட்டம் இடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பது இதனால்தான். இனம் மாறிப்போவதும் சாதாரணம். சால்மன் குஞ்சுக்கு வாலுக்கு முன்னே முதுகில் இருக்கும் சிறு சதைத் துடுப்பு சாம்பல் நிறம், டிரவுட் குஞ்சுக்கு அதில் செம்மை ஓடும். சால்மனின் பக்கத் துடுப்புகள் பெரியவை, வாலின் பிளவும் ஆழமானது. வாளியில் துள்ளும் விரல்நீளக் குஞ்சில் இதைப் பார்க்கப் பழகிய கண் வேண்டும்.

குஞ்சு நிறைய இருந்தால் கடலுக்குப் போகும் இளமீனும் நிறைய என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு குஞ்சுக்கும் தனக்கென ஒரு கல்லிடுக்கும் இரையும் வேண்டும். இடம் நிறைந்துவிட்டால் மிஞ்சியவை பிழைப்பதில்லை. முட்டை போதாத ஆற்றில் நிலைமை வேறு, அங்கே ஒவ்வொரு பெண் மீனும் முக்கியம். ஆகவே வந்த மீனின் எண்ணிக்கையோடு அளவையும் பாலினத்தையும் பார்க்க வேண்டும். கடலில் ஒரே குளிர்காலம் கழித்து வரும் சிறிய மீனைவிட, இரண்டு மூன்று குளிர்காலம் கழித்த பெரிய பெண் மீன் அதிக முட்டை இடும்.

ஓர் ஆற்றுக்கு ஒரே மொத்த எண் போடுவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கம். ஒரே ஆற்றின் வெவ்வேறு கிளைகளில் வெவ்வேறு கூட்டங்கள் வாழ்கின்றன. வசந்தத்திலேயே ஏறி வருபவை பெரும்பாலும் மேல்பகுதிக் கிளைகளுக்குப் போகின்றன. கீழ்ப்பகுதிக் கூட்டம் தாக்குப்பிடித்தால், மேலே நடக்கும் சரிவு மொத்தத்தில் தெரியாது. ஸ்காட்லாந்தின் டீ (Dee) ஆற்றின் கிளையான கிர்னாக் ஓடையில் 1966 முதல் பொறி வைத்து, ஏறி வரும் மீனையும் இறங்கிப் போகும் மீனையும் எண்ணுகிறார்கள். அங்கே முட்டையிட வரும் பெண் மீன்கள் பெருமளவு குறைந்தது தெரிந்திருப்பது, அந்த ஒரு ஓடையைத் தனியாக, விடாமல் எண்ணி வந்ததால்தான்.