ஓடாத காருக்குத்தான் பிரேக் முதலில் போகும்

கீழக்கரையில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதே கதைதான். கார் ஷெட்டில் நிற்கும், ஓட்டுகிறவர் துபாயிலோ மலேசியாவிலோ இருப்பார், லீவில் வந்து சாவியைப் போட்டதும் "மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலையே காக்கா (அண்ணே), பிரேக்குக்கு என்ன வந்துச்சு?" என்பார். முதல் தவறு அந்தக் கணக்குதான். கடற்கரையில் பிரேக் ஓடித் தேய்வது ஒரு பக்கம், உப்புக்காற்றில் நின்று கெடுவது இன்னொரு பக்கம்.

சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டான டிஸ்க் வெறும் வார்ப்பிரும்பு, பிரேக் பிடிக்கிற முகத்தில் பெயின்ட் கிடையாது. ஒரு ராத்திரி ஈரத்திலேயே செம்மண் நிறத்தில் துரு படியும். காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் 'கர்ர்' என்று கேட்டு அடங்கிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் நின்ற காரில் அப்படி அடங்காது. துரு டிஸ்க்கைக் குழி குழியாக அரித்திருக்கும், டிஸ்க்கைக் கவ்வும் காலிபரின் கம்பி (பின்) இறுகியிருக்கும், பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் காலிபருக்குள் இருக்கும் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே வரும். கார் ஒரு பக்கமாக இழுக்கிறதா, மைலேஜ் குறைகிறதா, கருகல் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள் (தொட வேண்டாம், சுட்டுவிடும்). ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அதுதான் ஆள். சூட்டைத் தணிக்கிறேன் என்று தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், டிஸ்க் கோணிவிடும்.

ஹேண்ட் பிரேக்கில் நானே மாட்டியிருக்கிறேன். தனுஷ்கோடிக்கு அப்பால் இருக்கும் அரிச்சல்முனை போய், ரோட்டில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் எல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு, ராமேஸ்வரத்தில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கார் நகரவே இல்லை, பின் சக்கரத்து பிரேக் டிரம்மில், உள்ளே உரசும் லைனிங் ஒட்டிக்கொண்டது. முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து அசைத்து, 'டொக்' என்று விடுபடுவதற்குள் உயிரே போய்விட்டது. அப்புறம் தெரிந்துகொண்டேன்: நனைந்த பிரேக்கோடு நிறுத்துவதற்கு முன் சின்னச் சின்னதாக நாலு பிரேக் போட்டுக் காயவைத்துவிட வேண்டும். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுங்கள். எடுக்கும்போது கட்டையை மறந்துவிடாதீர்கள்.

துருப் பிடிக்காமல் இருக்கட்டும் என்று வாட்டர் சர்வீஸில் அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடிக்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் அது பேடில் பட்டால் பிரேக் வழுக்கும், எண்ணெய் குடித்த பேடை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். தனுஷ்கோடி போய் வந்தால் அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள், போதும்.

மீட்டர் போர்டில் பிரேக்கின் சிவப்பு லைட் எரிந்ததும் பிரேக் ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டுப் போவது இன்னொரு தவறு. ஆயில் ஆவியாகிப் போகாது. குறைந்திருந்தால் பேட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கேயோ கசிகிறது. பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். கீச்சென்ற சத்தம், பேட் தேய்ந்துவிட்டது என்று சொல்லவே வைத்த தகட்டில் இருந்துகூட வரலாம், பாட்டுச் சத்தத்தைக் கூட்டி அதை அமுக்க வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் சூடு தாங்கும், ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம், கொதித்தால் பெடல் பொதபொதவென்று உள்ளே போகும். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஷெல்ஃபில் திறந்து கிடக்கும் பழைய டின் வேண்டவே வேண்டாம்.

பெடல் பொதபொதவென்றால் பிரேக் ஆயில் குழாய்க்குள் காற்று இருக்கலாம். மிதித்த காலுக்குக் கீழேயே மெல்ல இறங்கினால், ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். கல் மாதிரி இறுகினால், மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் வேக்குவம் பூஸ்டரைப் பாருங்கள். அதற்கு ஒரு சோதனை: இன்ஜினை அணைத்து நாலைந்து தடவை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

மணல் படிந்த தனுஷ்கோடி ரோட்டில் பிரேக் அடித்தால், சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள காரில் பெடல் அதிரும். பதறிக் காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

நிஜமாகவே பெடல் தரையைத் தொட்டுவிட்டால், தொண்டி ரோட்டில் எதிரே ஆட்டு மந்தை வந்தாலும், இன்ஜினை அணைக்காதீர்கள், நியூட்ரலுக்கும் போகாதீர்கள். பெடலை வேகவேகமாகப் பம்ப் பண்ணுங்கள், கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள், ஹேண்ட் பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், ஹார்ன் அடித்துக்கொண்டே ஓரம் கட்டுங்கள். நின்ற பிறகு மிதித்துப் பார்த்தால் பெடல் திரும்ப வந்த மாதிரி இருக்கும். "சரி, உச்சிப்புளி வரைக்கும் மெதுவா ஓட்டிருவோம்" என்று தோன்றும். ஓட்டாதீர்கள், வண்டியைக் கட்டி இழுக்காமல் தூக்கிக்கொண்டு போகிற வண்டியாகப் பார்த்து வரச்சொல்லுங்கள்.