பொலோனியா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தாலியத்தெல்லே செய்யும் முறை

இத்தாலியின் பொலோனியா நகரில் ஒரு மூதாட்டிக்குத் துணையாக அவர் வீட்டிலேயே தங்கி ஆறு ஆண்டுகள் வேலை செய்தேன். பேரப்பிள்ளைகளைப் போலவே நானும் அவரை 'நோன்னா' என்றுதான் அழைப்பேன். பாட்டி என்று பொருள். முதல் ஞாயிறு காலை, தாலியத்தெல்லே (முட்டை சேர்த்த மாவை விரித்து நாடாபோல வெட்டிச் செய்யும் பாஸ்தா) செய்வதற்காக, கதவுக்குப் பின்னால் சாய்த்திருந்த பெரிய மரப்பலகையை எடுத்து மேசைமேல் போடச் சொன்னார். மேசை முழுவதும் மறைந்துவிட்டது. பதினொரு மணிக்கு மகன்கள், மருமகள்கள், பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். வரவேற்பறையில் ஒருவர்கூட உட்காரவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு நேரே அந்தப் பலகையைச் சுற்றி நின்றார்கள். மூத்த மகனுக்கு வேலை போன செய்தியும் பேத்தியின் பரீட்சைக் கவலையும் அங்கேதான் பேசப்பட்டன. ஆகவே முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதைத் தனியாகச் செய்யாதீர்கள். மாவு பிசையும்போதே வீட்டாரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

காலையில் முதல் வேலை ராகூ, அதாவது இறைச்சிக் குழம்பு. நான்கு பேருக்கு 300 கிராம் மாட்டுக் கொத்துக்கறி, 150 கிராம் பன்ச்செத்தா (உப்பிட்ட பன்றி வயிற்றுப்பகுதி), வெங்காயம், காரட், செலரி மூன்றும் 50 கிராம் வீதம் பொடியாக நறுக்கியது. பன்ச்செத்தாவின் கொழுப்பு உருகியதும் காய்களை வதக்கி, கொத்துக்கறியைச் சேர்த்து, அது சிடுசிடுவென்று சத்தம் போடும்வரை கிளறுங்கள். அரை கிளாஸ் ஒயின் ஊற்றி வற்றவிட்டு, இரண்டு கரண்டி தக்காளி விழுதும் கொஞ்சம் இறைச்சிச் சாறும் சேர்த்து, மிகச் சிறிய தீயில் குறைந்தது இரண்டு மணி நேரம் வையுங்கள். கடைசியில் ஒரு கிளாஸ் பாலைச் சிறிது சிறிதாக விடுங்கள். தக்காளியின் புளிப்பு அடங்கும். பூண்டு வேண்டாம்.

இனி மாவு. கணக்கு எளிது: ஆளுக்கு 100 கிராம் மாவு, ஒரு முட்டை. நம் ஊர் மைதா போதும். நம் முட்டை சிறியது என்பதால் மாவு சேராமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்காதீர்கள், ஒரு மஞ்சள் கரு சேருங்கள். மாவைப் பலகையில் குவித்து, நடுவில் அகலமாகக் குழி செய்து முட்டைகளை உடைத்து ஊற்றுங்கள். முதல் தடவை என் கரை மெலிந்து உடைந்து, முட்டை பலகையின் விளிம்புவரை ஓடிவிட்டது. நோன்னா ஒரு வார்த்தை சொல்லாமல் கையாலேயே அணை போட்டார். கரை தடிமனாக இருக்கட்டும். முள்கரண்டியால் உள்பக்க மாவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கலக்குங்கள். பிறகு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளித் தள்ளிப் பிசையுங்கள். காது மடலைப் போல மெத்தென்று ஆனதும் ஒரு கிண்ணத்தால் மூடி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள்.

விரிப்பதில்தான் கைப்பழக்கம் வேண்டும். மத்தரெல்லோ என்கிற அந்த உருட்டுக்கட்டை ஏறக்குறைய கைநீளம் இருக்கும். சப்பாத்தி போல அழுத்தித் தேய்த்தால் வராது. மாவின் ஓரத்தைக் கட்டையில் சுற்றி, முன்னும் பின்னும் உருட்டும்போதே இரு கைகளையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். மாவு இழுபட்டு விரியும். கால் வட்டம் திருப்பி மறுபடியும் அதே. பலகை மரமாகத்தான் இருக்க வேண்டும். மரத்தின் சொரசொரப்பு மாவில் பதிந்தால்தான் ராகூ ஒட்டிப் பிடிக்கும். பளிங்குக் கல்லில் விரித்த மாவில் வழுக்கி விழுந்துவிடும். அதனால்தான் நோன்னா பலகையைத் தண்ணீரில் கழுவ விடமாட்டார், சுரண்டித் துடைப்பதோடு சரி.

எவ்வளவு மெல்லியதாக? விரித்த மாவைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியே சான் லூக்கா தெரிய வேண்டும் என்பது அவ்வூர்ப் பேச்சு. ஊருக்கு வெளியே குன்றின்மேல் நிற்கும் மாதா கோயில் அது. நோன்னா உண்மையிலேயே ஜன்னலில் பிடித்துக் காட்டினார். மஞ்சள் மாவுக்குப் பின்னால் குன்றின் நிழல் தெரிந்தது.

கொஞ்சம் உலர்ந்ததும் தளர்வாகச் சுருட்டி 6, 7 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டுங்கள். வெந்தபின் 8 மில்லிமீட்டர் ஆகும். அந்த அகலம் விளையாட்டல்ல. 1972இல் பொலோனியா வணிகக் கழகத்தில் தங்கத்தில் செய்த ஒரு தாலியத்தெல்லே இழையை அளவுக்காகவே ஒப்படைத்திருக்கிறார்கள். ஊரின் அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்று கணக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். வெட்டிய சுருளை உதறிக் கூடுபோல வைப்பது பிள்ளைகளின் வேலை. கோணல்மாணலாக இருந்தாலும் நோன்னா அதைத் திருத்தமாட்டார். நீங்களும் திருத்த வேண்டாம்.

லிட்டருக்கு 10 கிராம் உப்புப் போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். ஆனால் அவசரப்பட்டு இழைகளைப் போடாதீர்கள்; இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும், ஆறினால் கட்டிக்கொள்ளும். சின்ன மகன் எப்போதும் தாமதம். பஸ்ஸிலிருந்து போன் செய்து "பாஸ்தாவைப் போடுங்கள்" என்பான். நோன்னா "சரி" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கையில் ஏந்தியபடி அடுப்பருகில் நிற்பார். லிஃப்ட் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகே இழைகள் தண்ணீரில் விழும். அவன் கை கழுவி வருவதற்குள் வடித்து, ராகூச் சட்டியிலேயே கொட்டி, வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டுப் புரட்டிவிடுவார். பார்மிஜானோ சீஸை மேசையில் வைத்தே துருவுங்கள்.