பனிநாட்டில் ஆந்தையும் பருந்தும்: வேலூர்க் கேமராக்காரர்கள் தவிர்க்க வேண்டியவை

கனடாவிலோ அமெரிக்காவின் வடமாநிலங்களிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் சனவரியில் கிளம்புகிறவர்களில், பாலாற்றங்கரையிலும் ஏலகிரியிலும் பறவைகளைப் படமெடுத்துப் பழகியவர்கள் கேமராவையும் உடன் கொண்டுபோவதுண்டு. நம் வெயிலில் சரியாக இருந்த பழக்கத்தை அப்படியே பனியிலும் தொடர்வதால்தான் அவர்களுடைய படங்கள் பெரும்பாலும் கெடுகின்றன.

முதலாவது எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் விடும் ஒளியின் அளவு. வெயிலில் நிற்கும் கொக்கின் வெண்மை வெளிறாமலிருக்க எக்ஸ்போஷரைக் குறைத்தே பழகிய கை, பனிவயலில் அமர்ந்திருக்கும் பனி ஆந்தையைக் கண்டதும் தானாகவே குறைக்கப் போகும். கேமராவின் ஒளிமானி எதிரே இருப்பதை நடுத்தரச் சாம்பலாகக் கொண்டு கணக்கிடுவதால், பனியும் ஆந்தையும் சேர்ந்து அழுக்குச் சாம்பலாகிவிடும். மேகமூட்டமான நாளில் ஒரு ஸ்டாப்புக்கு (ஒளியை இருமடங்காக்கும் அளவு) குறையாமல் எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும். வெயில் நேரே விழும்போது மட்டும் ஹிஸ்டோகிராம் (படத்தின் இருள்-வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈரம் படிவதும் அங்கே தலைகீழ். வேலூரில் ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் லென்ஸில் நீர் கோக்கும். அங்கே உறைகுளிரிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போதுதான் கோக்கும். கேமராவை வெளியிலேயே பாலித்தீன் பையில் இறுகக் கட்டி, உள்ளே வந்தபின் ஓரிரு மணி நேரமாவது அவிழ்க்காமல் விட வேண்டும். மெமரி கார்டை முன்பே கழற்றிக்கொள்வது நல்லது; படம் பார்க்கும் அவசரத்தில் பையைத் திறந்துவிடுகிறவர்களே அதிகம். குளிரில் பேட்டரியும் விரைவில் இறங்கிவிடும் என்பதால், மாற்றுப் பேட்டரி சட்டையின் உள்பையில் உடற்சூட்டோடு இருக்கட்டும்.

நம் ஊரில் புதர் மறைவில் நடந்துபோய்ப் படமெடுக்கிறோம். அங்கே சாலையோரக் கம்பத்தில் அமர்ந்திருக்கும் பருந்து, ஓரமாக நிறுத்திய காரைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. கதவைத் திறந்து ஆள் இறங்கியதும் பறந்துவிடும். ஆகவே காருக்குள்ளிருந்தே எடுக்க வேண்டும். ஆனால் ஹீட்டர் ஓடும் காரின் சன்னல் வழியே எடுத்தால், வெப்பக் காற்றும் குளிர்காற்றும் கலக்குமிடத்தில் ஒளி நெளிந்து, ஃபோகஸ் சரியாக இருந்தும் இறகுகள் கூர்மையின்றிக் குழைந்து வரும். சித்திரையில் பாலாற்று மணலுக்கு மேலே கானல் அலையும்போது நேர்வதும் இதுவேதான். இதை லென்ஸின் பழுது என்று எண்ணிச் செலவழிக்கத் தேவையில்லை. ஹீட்டரை அணைத்து, சன்னலைத் திறந்துவைத்துச் சற்று நேரம் பொறுத்தால் போதும். உட்கார்ந்திருக்கும் பருந்து எச்சமிட்டு முன்னே குனிந்தால் பறக்கப் போகிறது என்று கொள்ளலாம். ஷட்டர் அதற்கு முன்பே 1/2000 நொடியில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது, கடையில் வாங்கிய எலியைப் பனியில் விட்டு ஆந்தையை வரவழைப்பது. பனிக்கடியில் ஓடும் எலியின் சத்தத்தைக் கேட்டே பாய்ந்து பிடிக்கும் பெருஞ்சாம்பல் ஆந்தைக்கு நம் உதவி வேண்டியதில்லை; மனிதரையும் சாலையையும் இரையோடு சேர்த்துப் பழகிய ஆந்தை வண்டியில் அடிபடும் அபாயம்தான் மிஞ்சும். அரைக்கண் மூடியிருந்த ஆந்தை, கண்ணை அகல விரித்து, உடலை ஒடுக்கி நிமிர்ந்து நம்மையே பார்த்தால் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள். உடனே பின்வாங்க வேண்டும். ஆந்தையின் இருப்பிடத்தைப் பிறரிடம் பரப்பாமலிருப்பதும் இந்த எச்சரிக்கையில் அடங்கும். நம் பாறைக் குன்றுகளில் வாழும் கொம்பன் ஆந்தையை மாந்திரீகத்துக்காகப் பிடிக்கிறவர்கள் இருப்பதால், இந்த எச்சரிக்கை ஊர் திரும்பிய பிறகும் பொருந்தும்.