கிகாபிட் கேபிள் திட்டத்தில் 94 எம்பிபிஎஸ் வருகிறதா? கோளாறு எங்கே என்பதை எண்ணே சொல்லும்

1,000 எம்பிபிஎஸ் (நொடிக்கு 1,000 மெகாபிட், அதாவது ஒரு கிகாபிட்) கேபிள் இணையத் திட்டத்தில் இருந்துகொண்டு ஸ்பீடு டெஸ்டில் 94 அல்லது 95 வந்தால், கோளாறு வீட்டுக்குள்தான் என்று கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். எங்கோ ஒரு லான் கேபிளோ போர்ட்டோ 100-க்கு இறங்கி நிற்கிறது. 300-ஐ ஒட்டி அசையாமல் நின்றால் தேட வேண்டிய இடம் வேறு. காலையில் 900, இரவில் 200 என்றால் அது மூன்றாவது வகை. ரூட்டரை மாற்றுவது, மோடத்தை மாற்றுவது, வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பாட்டுக் கேட்பது எல்லாம் பிறகு. முதலில் நம்பத்தக்க ஓர் எண்ணைக் கையில் எடுங்கள்.

உச்ச அளவு எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கிகாபிட் போர்ட் வழியாக எவ்வளவு நல்ல இணைப்பும் 940 எம்பிபிஎஸ் அளவில்தான் நிற்கும். மீதி, தரவோடு சேர்ந்தே போகும் ஈதர்நெட், ஐபி, டிசிபி என்ற நெறிமுறைகளின் தலைப்புத் தகவல்களுக்குப் போய்விடும். டவுன்லோடு சாளரம் வேகத்தை மெகாபைட்டில் (ஒரு பைட் 8 பிட்) காட்டினால் அதே 940 அங்கே 117 ஆகத் தெரியும். "110-தான் வருகிறது" என்ற புகார்களில் பல இந்த பிட், பைட் குழப்பம்தான்.

முதலில் மோடத்தில் நேராக அளங்கள்

ஒரு மடிக்கணினியும் நல்ல கேட்5இ அல்லது கேட்6 கேபிளும் போதும். ரூட்டரைக் கழற்றிவிட்டு மடிக்கணினியை மோடத்தில் செருகுங்கள். பெரும்பாலும் இணையம் உடனே வராது. பலர் இங்கேயே குழம்பிக் கைவிட்டுவிடுகிறார்கள். கேபிள் மோடம் கிளம்பும்போது தன்னோடு இணைந்திருந்த கருவியின் மேக் முகவரியையே (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) பிடித்து வைத்திருக்கும். அதனால் மோடத்தின் பவரை உருவி, 30 வினாடி கழித்து மறுபடி போட வேண்டும். தொலைபேசி வசதியும் உள்ள மோடம் என்றால் உள்ளே பேட்டரி இருக்கலாம். அதையும் எடுக்காவிட்டால் அது அணையவே அணையாது. இந்த நேரத்தில் ரூட்டரின் காப்பு இல்லை என்பதால் கணினியின் ஃபயர்வால் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மோடமும் ரூட்டரும் ஒரே பெட்டியாக இருந்தால், வைஃபையை அணைத்து, மற்ற லான் கேபிள்களை உருவிவிட்டு அளந்தால் சரி.

விபிஎன், கிளவுடு பேக்கப் இரண்டையும் நிறுத்துங்கள். இணையப் பக்கங்களை வடிகட்டும் ஆன்டிவைரஸ் அம்சத்தையும் அளக்கும் நேரத்துக்கு மட்டும் அணையுங்கள். பிரவுசரைவிட ஸ்பீடு டெஸ்டின் தனிச் செயலி நல்லது. பழைய மடிக்கணினியில் பிரவுசரே மூச்சு வாங்கும். சோதனை ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் சிபியு 100 சதவீதத்தைத் தொட்டால், நீங்கள் அளந்தது இணையத்தை அல்ல, கணினியை. அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்து மூன்று முறை ஓட்டுங்கள்.

யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யூஎஸ்பி 2.0-வின் தாள் கணக்கு 480. நடைமுறையில் 300 முதல் 350 வரைதான். அடாப்டர் 3.0 ஆக இருந்து, அதை 2.0 போர்ட்டில் செருகியிருந்தாலும் இதே கதி.

நேரடி அளவு 900-க்கு மேல் வந்தால் லைனும் மோடமும் நலம். ரூட்டர், வைஃபை பகுதிகளுக்குத் தாவிவிடுங்கள்.

94, 95 வந்தால்

கேபிளைச் செருகியதும் இரு முனைகளும் எந்த வேகத்தில் பேசுவது என்று தமக்குள் முடிவு செய்துகொள்ளும். 100 எம்பிபிஎஸுக்கு நான்கு கம்பிகள் போதும் (1, 2, 3, 6). கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல இணையிலோ (4, 5) பழுப்பு இணையிலோ ஒரே ஒரு கம்பி விட்டுப்போனாலும் பல கருவிகள் புகார் எதுவும் சொல்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணையம் ஓடிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

விண்டோஸில் ஈதர்நெட் இணைப்பின் விவரப் பக்கத்தில் லிங்க் ஸ்பீடு 1000/1000 என்று இருக்க வேண்டும். 100/100 என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். மாறவில்லை என்றால் போர்ட்டை மாற்றுங்கள். அப்புறமும் அப்படியே நின்றால், நெட்வொர்க் கார்டின் அமைப்பில் யாரோ வேகத்தை 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கட்டிவைத்திருக்கிறார்களா பாருங்கள். அதை ஆட்டோவுக்குத் திருப்ப வேண்டும்.

நடுவில் மறைந்திருப்பவைதான் அதிகம் ஏமாற்றும்: மேஜைக்கு அடியில் கிடக்கும் பழைய 10/100 ஸ்விட்ச், கேபிள் உள்ளே நுழைந்து வெளியே போகும் ஐபி போன், ஒரே கேபிளின் எட்டுக் கம்பிகளை நான்கு நான்காகப் பிரித்து இரண்டு சுவர் சாக்கெட்டுகளுக்குக் கொடுத்த வேலை. கடைசியில் சொன்னதற்குப் புதுக் கேபிள் இழுப்பதைத் தவிர வழியில்லை. செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி கொண்ட மலிவான கேபிள்களையும் நம்ப வேண்டாம். புதிதாக இருக்கும்போது கிகாபிட் காட்டும். மடித்து மடித்து எடுத்தால் உள்ளே முறிந்துவிடலாம்.

மோடத்தின் சிக்னல் பக்கம்

நேரடி அளவே குறைவாக இருந்து, லிங்க் 1000 என்று காட்டினால், பிரவுசரில் 192.168.100.1 என்று தட்டுங்கள். பெரும்பாலான கேபிள் மோடம்கள் இந்த முகவரியில் தங்கள் சிக்னல் நிலையைக் காட்டும். இந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று யாரும் சொல்லித் தப்ப முடியாது.

முதலில் எத்தனை சேனல்கள் பூட்டியிருக்கின்றன, அதாவது மோடம் எத்தனையைப் பிடித்திருக்கிறது, என்று எண்ணுங்கள். டாக்சிஸ் (கேபிள் இணையத்தின் தரநிலை) 3.0 மோடத்தில் 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு டவுன்ஸ்ட்ரீம் (வீட்டுக்குள் வரும் திசை) சேனல் ஏறக்குறைய 38 எம்பிபிஎஸ் சுமக்கும்; 8 மெகாஹெர்ட்ஸ் சேனல் என்றால் 50. ஆகவே 8 சேனல் மோடம் 6 மெகாஹெர்ட்ஸ் வகையில் 304-க்கு மேல் போகவே முடியாது. 16 சேனல் என்றால் 608. அந்தச் சேனல்களையும் அக்கம்பக்கத்தாரோடு பகிர்கிறீர்கள். கிகாபிட் திட்டத்துக்கு டாக்சிஸ் 3.1 மோடம்தான் பொருத்தம். 32 சேனல் 3.0 மோடம் தாள் கணக்கில் தாங்கும், மாலை நெரிசலில் தடுமாறும். 32 சேனல் திறன் இருந்தும் 12 மட்டுமே பூட்டியிருந்தால், சிக்னல்தான் சரியில்லை.

அடுத்து டவுன்ஸ்ட்ரீம் பவர். மைனஸ் 7 முதல் பிளஸ் 7 டிபிஎம்வி (சிக்னல் வலிமையின் அலகு) வரை நிம்மதி. தரநிலை பிளஸ், மைனஸ் 15 வரை அனுமதித்தாலும் ஓரத்தில் ஓட்டுவது நல்லதல்ல. சேனலுக்குச் சேனல் 10 டிபிக்கு மேல் வித்தியாசம், அதுவும் அலைவரிசை ஏற ஏறக் குறைந்துகொண்டே போனால், ஈரம் புகுந்த கோஆக்ஸ் கேபிளையோ (தெருவிலிருந்து மோடத்துக்கு வரும் உருண்டைக் கேபிள்) அதைக் கிளைகளாகப் பிரிக்கும் பழைய ஸ்பிளிட்டரையோ சந்தேகியுங்கள். எஸ்என்ஆர், அதாவது இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்ற அளவு, 256 க்யூஏஎம் சேனல்களில் 35 டிபிக்கு மேல் இருக்கட்டும். க்யூஏஎம் என்பது அலையில் பிட்களை ஏற்றும் முறை; எண் பெரிதானால் ஏற்றும் பிட்களும் அதிகம். டாக்சிஸ் 3.1-இன் ஓஎஃப்டிஎம் என்ற அகலமான சேனல் 4096 க்யூஏஎமில் ஓட 41 டிபி அளவுக்குக் கேட்கும். அது கிடைக்காவிட்டால் இணைப்பு அறுபடாது. அமைதியாகக் கீழ்ப்படிக்கு இறங்கி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அப்ஸ்ட்ரீம் (வீட்டிலிருந்து வெளியே போகும் திசை) பவரை எதிர்த்திசையில் படிக்க வேண்டும். அது மோடம் எவ்வளவு உரக்கக் கத்துகிறது என்பதன் அளவு. 38 முதல் 48 வரை பரவாயில்லை. 50-ஐத் தாண்டினால் வழியில் எங்கோ சிக்னல் வீணாகிறது, இன்னும் உரக்கக் கத்த மோடத்துக்குத் தெம்பும் இல்லை.

பிழை எண்ணிக்கையில் திருத்தப்பட்டவை இருப்பது இயல்பு. திருத்த முடியாதவை என்ற நெடுவரிசைதான் முக்கியம். மோடத்தை ரீஸ்டார்ட் செய்து எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி, ஒரு மணி நேரம் பயன்படுத்திவிட்டுப் பாருங்கள். ஏறிக்கொண்டே இருந்தால் பாக்கெட்டுகள் (தரவு பயணிக்கும் சிறு பொட்டலங்கள்) தொலைகின்றன. சிறு இழப்புக்கே டிசிபி வேகத்தை வெட்டிவிடும். பதிவேட்டில் டி3, டி4 டைம்-அவுட்கள் (மோடம் எதிர்முனைக்காகக் காத்திருந்து ஏமாந்த பதிவுகள்) அடிக்கடி வந்தால் அப்ஸ்ட்ரீம் பாதையில் இரைச்சல் அல்லது தொடர்பு முறிவு.

கோஆக்ஸ் வேலை

இருவழி ஸ்பிளிட்டர் ஒவ்வொரு கிளைக்கும் 3.5 டிபி விழுங்கும். நால்வழி என்றால் 7. தேவையற்றவற்றை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து வரும் கேபிளை நேராக மோடத்துக்குக் கொண்டுபோய் அளந்து பாருங்கள். நிலைமை உடனே தேறினால் குற்றவாளி பிடிபட்டாயிற்று. டிவிக்காக ஸ்பிளிட்டர் வேண்டியே தீரும் என்றால், முதலில் ஓர் இருவழி; ஒரு கிளை மோடத்துக்கு மட்டும், மற்றதிலிருந்து டிவிகளுக்குப் பிரியுங்கள். பயன்படாத வாய்களில் 75 ஓம் டெர்மினேட்டர் போடுங்கள். திறந்த வாய் இரைச்சலை உள்ளே விடும்.

கோஆக்ஸ் முனைகளில் உள்ள எஃப் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி பளிச்சென்று, வளையாமல், விளிம்புக்கு வெளியே 2, 3 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். பச்சை படிந்திருந்தாலோ கேபிளின் வெளிப் பின்னல் இழை ஒன்று நடுக்கம்பியைத் தொட்டாலோ வெட்டிப் புதிதாகப் போட வேண்டும். அமுக்கிப் பொருத்தும் வகை ஆர்ஜி-6 கனெக்டர்தான் நிலைக்கும், திருகிப் போடும் வகை வேண்டாம். விரலால் இறுக்கியபின் 11 மில்லிமீட்டர் ஸ்பேனரால் ஆறில் ஒரு சுற்று போதும். சுவருக்கு வெளியே கேபிளைத் தரையோடு இணைக்கும் எர்த் பிளாக்கை மட்டும் எக்காரணத்துக்காகவும் நீக்காதீர்கள். இடி மின்னலுக்கான பாதுகாப்பு அது.

ரூட்டர்

மோடத்தில் 930, ரூட்டரின் லான் போர்ட்டில் 400 என்றால் பெரும்பாலும் க்யூஓஎஸ் (எந்தப் போக்குவரத்துக்கு முன்னுரிமை என்று பிரிக்கும் வசதி), பெற்றோர் கட்டுப்பாடு, போக்குவரத்துக் கண்காணிப்பு இவற்றில் ஒன்று. இவை ஒவ்வொரு பாக்கெட்டையும் சிபியு வழியாக அனுப்பச் சொல்வதால் பாக்கெட்டுகளை சிபியு தொடாமலே வேகமாகக் கடத்தும் வன்பொருள் முடுக்கம் அணைந்துவிடும். அணைத்துவிட்டு மறுபடி அளங்கள். பழைய 200 எம்பிபிஎஸ் திட்டத்தின்போது க்யூஓஎஸ் பக்கத்தில் கொடுத்த எண் அப்படியே கிடக்கிறதா என்றும் பாருங்கள். திட்டத்தை உயர்த்தியபின் இப்படி மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

வைஃபை

வைஃபையில் 940 எதிர்பார்க்காதீர்கள். இரண்டு ஆன்டெனா உள்ள போன், 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், வைஃபை 5-இல் 866 லிங்க் (தாள் கணக்கு இணைப்பு வேகம்) காட்டும்; கையில் கிடைப்பது 500, 600. வைஃபை 6-இல் லிங்க் 1,201, கிடைப்பது 700 முதல் 850, அதுவும் அதே அறையில். 2.4 கிகாஹெர்ட்ஸில் 50, 60 வந்தாலும் அது கோளாறு அல்ல. போன் எந்த அலைவரிசையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் தூரத்து அறையில் 2.4-க்கு இறங்கி, திரும்பி வந்தபின்னும் அங்கேயே கிடக்கும். வீடெங்கும் வைஃபையைப் பரப்பும் மெஷ் பெட்டிகள் தமக்குள் வயர்லெஸ்ஸிலேயே பேசிக்கொண்டால் வேகம் பாதியாவது சகஜம். நடுவில் ஒரு லான் கேபிள் இழுத்தால் அந்தப் பிரச்சினையே இல்லை.

அப்லோடு நிரம்பினால் டவுன்லோடும் படுக்கும்

கேபிள் திட்டங்களில் அப்லோடு பல நேரம் 35, 50 எம்பிபிஎஸ்தான். கிகாபிட் வேகத்தில் இறக்கும்போது "வந்தது, வந்தது" என்று திரும்பிப் போகும் ஒப்புகைச் செய்திகளே 15, 20 எம்பிபிஎஸ் வரை கேட்கலாம். மோடம் அவற்றில் பலவற்றை வடிகட்டிக் குறைக்கும். ஆனால் போனின் புகைப்பட பேக்கப்பும் பாதுகாப்புக் கேமராவும் சேர்ந்து பாதையை அடைத்தால் இறக்கமும் தடுமாறும். பேக்கப் செயலியில் அப்லோடு வரம்பை மொத்தத்தில் 70 சதவீதத்துக்குள் வையுங்கள்.

இரவில் மட்டும் குறைந்தால்

சிக்னல் பக்கம் சுத்தம், நேரடி லானில் அதிகாலை 900, இரவு 9 மணிக்கு 200: இது பகுதியின் நெரிசல். கேபிள் வலைப்பின்னலில் ஒரு நோடின் (பகுதி முழுவதற்கும் சிக்னல் பிரியும் மையம்) கொள்ளளவைப் பல வீடுகள் பகிர்கின்றன. உங்கள் வீட்டுக்குள் எதை மாற்றினாலும் இது தீராது. நேர வாரியாக நேரடி லான் அளவுகளையும், அதே நேரங்களின் சிக்னல் பக்கப் படங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். வைஃபை அளவுகளை அனுப்பினால் முதல் பதிலிலேயே தள்ளிவிடுவார்கள்.

சிக்னல் கோளாறுக்காகத் தொழில்நுட்ப ஆள் வந்தால், மோடத்தின் பக்கத்தில் மட்டும் அளக்க விடாதீர்கள். எர்த் பிளாக்கிலும் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். அங்கேயே அளவு மோசம் என்றால் தெருவிலிருந்து வரும் கேபிள் அவர்கள் பொறுப்பு; அங்கே நன்றாக இருந்தால் வீட்டுக்குள் ஓடும் கோஆக்ஸைத்தான் மாற்ற வேண்டும்.